வீட்டுக்கடனும் கார்டுக் கடனும் சேர்ந்து முடங்கும்போது: எல்லைப்புறக் குடும்பங்களுக்கான கணக்கும் சட்டமும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், வீடு கேரளத்திலும் வேலை கோவையிலுமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டின் பேரில் ஒரு கடன் இருக்கும். சம்பளக் கணக்கோடு ஒட்டி வந்த கிரெடிட் கார்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 விழுக்காட்டிலிருந்து 5.50 விழுக்காட்டுக்குக் குறைத்தபோது, செய்தியைக் கேட்டவர்கள் தங்கள் தவணை குறையும் என்று காத்திருந்தார்கள். பலருக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. அதே காலத்தில் கார்டு பாக்கிக்கான அழைப்புகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. வட்டி குறைந்தும் தவணை ஏன் அப்படியே நிற்கிறது, கையில் இருப்பது ஒரு கடனுக்குத்தான் போதும் என்றால் எதற்குக் கட்டுவது என்ற இரண்டு கேள்விகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஈடு உள்ள கடன், ஈடு இல்லாத கடன்

வீட்டுக்கடன் என்பது ஈட்டுக் கடன். வீட்டின் மூலப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்து, அந்த ஒப்படைப்பையே அடமானமாக ஏற்றுக்கொள்ளும் முறைக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இடமளிக்கிறது. கேரளத்தில் இந்தப் பத்திரத்துக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். கோவையில் பிறந்து வளர்ந்த மருமகளிடம் வங்கிக்காரர் “ஆதாரம் கொண்டுவந்தீர்களா” என்று கேட்டால் அவர் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவது இங்கே அன்றாடக் காட்சி. கடன் முடங்கினால், வழக்குமன்றப் படி ஏறாமலேயே வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்குக் கொடுக்கிறது.

கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பின்னால் அப்படி எந்தச் சொத்தும் நிற்பதில்லை. வங்கி அதை வசூலிக்க வேண்டுமானால், 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட தொகைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, அதன் பிறகே நிறைவேற்ற மனுவுக்குப் போக வேண்டும். பாக்கியைக் கட்டாமல் இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. அதற்காகக் காவல்துறை கைது செய்ய முடியாது. ஆனால் கொடுத்த காசோலை திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழும், தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு கணக்கில் பணமின்றித் திரும்பினால் அது 2007ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழும் தனிக் குற்றமாகக் கூடும்.

ஆக, சட்ட பலம் குறைந்த கடனுக்குத்தான் குரல் அதிகம். கார்டுக்காரர் நாளுக்கு நான்கு முறை அழைக்கிறார். வீட்டுக்கடன் கிளையிலிருந்து முதல் இரண்டு மாதம் ஒரு குறுஞ்செய்தியோடு சரி. தொந்தரவு தாங்காமல் வீட்டுத் தவணைக்கு வைத்த பணத்தை எடுத்துக் கார்டுக்குக் கட்டுவதுதான் இந்தச் சிக்கலில் அதிகம் நேரும் தவறு.

தவணை ஏன் அசையவில்லை

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ரெப்போ மாறினால் வட்டி மாறும். ஆனால் வட்டி மாறும்போது தவணைத் தொகையைத் தொடாமல் தவணைகளின் எண்ணிக்கையை மாற்றுவதே வங்கிகளின் வழக்கம். ரெப்போ ஏறியபோதும் அதையேதான் செய்தன. அதன் விளைவைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும்.

2021ஆம் ஆண்டில் 25 லட்சம் ரூபாயை 6.75 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை 19,009 ரூபாய். ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகு அசல் ஏறத்தாழ 24,38,800 ரூபாயாக இறங்கியிருக்கும். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4.00 விழுக்காட்டிலிருந்து 6.50 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்த 2.5 விழுக்காடும் ஒரே நாளில் ஏறியதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், வட்டி 9.25 ஆகிறது, அந்த மாதத்து வட்டி மட்டும் 18,799 ரூபாய். கட்டும் 19,009 ரூபாயில் அசலுக்குப் போவது 210 ரூபாய். ஒரு முழு மாதத் தவணை கட்டி, கடன் குறைவது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு அளவுக்கு. தவணையை உயர்த்தாமல் இந்தக் கடனை முடிக்க இன்னும் ஏறத்தாழ 49 ஆண்டுகள் ஆகும். கட்டுகிறவருக்கோ எதுவும் மாறியதாகத் தெரியாது. வழக்கமான தேதியில் வழக்கமான தொகைதான் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

இந்த நிலையைக் கண்டுதான் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அதன்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்று அது சொன்னது; 2025 அக்டோபர் முதல் அந்த வாய்ப்பைத் தருவது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. காலத்தை நீட்டினாலும், வட்டிக்கே போதாத தவணையை வைத்து அசலை வளரவிடக் கூடாது. அதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி கொடுத்தாக வேண்டும். 2025இல் வட்டி இறங்கியபோதும் தவணை அப்படியே நின்று எண்ணிக்கைதான் குறைந்தது. அது நல்லதே, முன்பு நீண்டுபோன காலம் சுருங்குகிறது. ஆனால் மாதச் செலவுக்கே முட்டுகிறவருக்குத் தேவை சுருங்கிய காலம் அல்ல, குறைந்த தவணை. அதை எழுத்தில் கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

‘மினிமம் டியூ’ என்னும் சுழல்

கார்டு அறிக்கையில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சத் தொகை. பின்னதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘தவறியவர்’ என்று பதியாது. அவ்வளவே. வட்டி நிற்காது.

பாக்கி 1,20,000 ரூபாய், வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்றால், மாத வட்டி 4,200 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 756 ரூபாய், கூட்டினால் 4,956 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று வைத்தால் 6,000 ரூபாய் கட்டப்படுகிறது. பாக்கியில் குறைவது 1,044 ரூபாய். அந்த மாதமே 1,500 ரூபாய்க்கு மளிகை ஸ்வைப் செய்திருந்தால் கடன் கூடித்தான் இருக்கிறது. மொத்தத்தையும் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாள்கள் என்ற சலுகையும் போய்விடுவதால், அந்த மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டிதான்.

கார்டு வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே 42 விழுக்காடும் அதற்கு மேலும் சட்டப்படியான வட்டியே. ஊரில் கந்துவட்டி என்று வைகிற வட்டிக்கும் இதற்கும் உள்ள தொலைவு பலர் நினைப்பதைவிடக் குறைவு.

90 நாள் கணக்கு

தவணை தவறிய நாளிலிருந்து 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை என்று மூன்று எச்சரிக்கைப் படிகள் வங்கியின் உள்கணக்கில் உண்டு. 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். கார்டிலும் குறைந்தபட்சத் தொகை கட்ட வேண்டிய தேதியிலிருந்து 90 நாள் கடந்தால் அதே பெயர். இதில் மூன்று செய்திகளைத் தனியே சொல்ல வேண்டும்.

1. 90 நாளுக்குள் நின்றவருக்கு ஒரு தவணையும் பயன் தரும். கட்டும் பணம் பொதுவாக மிகப் பழைய பாக்கிக்கே வரவு வைக்கப்படுவதால், மூன்றாம் மாதத்தில் ஒரு தவணையைக் கட்டினாலும் நாள் எண்ணிக்கை பின்னுக்குப் போகும்.

2. 90 நாளைத் தாண்டிய பிறகு ஒரு தவணையால் பயன் இல்லை. வாராக்கடன் என்று வகைப்படுத்திய கணக்கை, நிலுவையிலுள்ள அசலும் வட்டியும் முழுவதும் கட்டினால் மட்டுமே பழைய நிலைக்கு மாற்றலாம் என்று 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. எண்பதாம் நாளில் 20,000 ரூபாய் செய்யும் வேலையை நூறாம் நாளில் அதைப்போல் நான்கு மடங்கு போட்டால்தான் செய்ய முடியும்.

3. வகைப்பாடு கடனைப் பொறுத்தது அல்ல, ஆளைப் பொறுத்தது. ஒரே வங்கியில் வீட்டுக்கடனும் கார்டும் இருந்து, கார்டு வாராக்கடன் ஆனால், அந்த வங்கியிலுள்ள அவருடைய வீட்டுக்கடனும் வாராக்கடன் பட்டியலில் சேரும். வீட்டுத் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தால் அந்தக் காரணத்தை மட்டும் வைத்து வீட்டின் மேல் நடவடிக்கை எடுப்பதை எதிர்த்து வாதிடலாம். ஆனால் வீட்டுத் தவணையும் ஒன்றிரண்டு நிலுவையில் இருந்தால், 90 நாள் என்ற இடைவெளி அவருக்கு இல்லாமல் போய்விடும்.

எதை முதலில் கட்டுவது

மேலே சொன்னவற்றிலிருந்து வரிசை தானே வந்துவிடுகிறது. வீட்டுத் தவணை முதலில். அதே வங்கியின் கார்டு இருந்தால் அதன் குறைந்தபட்சத் தொகை அடுத்து. வேறு வங்கிகளின் கார்டுகள் அதற்குப் பிறகு. அவற்றில் வட்டி மிக அதிகமானதை முதலில் அடைக்கலாம். சம்பளம் விழும் கணக்கும் பாக்கியுள்ள கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கிக்காகக் கணக்கிலுள்ள பணத்தை வங்கி எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இடமிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுத் தவணைக்கான பணத்தை வேறு வங்கிக் கணக்கில் வைப்பது தவறு அல்ல.

கார்டு பாக்கியை அப்படியே சுழலவிடாமல் மலிவான கடனாக மாற்றுவது அடுத்த வேலை. பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியையே கேட்கலாம். அதன் வட்டி மாதம் 3.5 விழுக்காட்டைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். வீட்டில் நகை இருந்தால், வங்கி நகைக்கடனில் கார்டை அடைப்பது கணக்குப்படி இன்னும் லாபம். நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்துக்கொண்டு, பீரோவில் பவுனையும் கார்டில் 42 விழுக்காடு வட்டியையும் ஒருசேர வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

வங்கிகள் விரும்பிப் பரிந்துரைக்கும் வழி வேறு: வீட்டுக்கடன் மேல் ‘டாப்-அப்’ என்னும் கூடுதல் கடன் கொடுத்துக் கார்டை அடைப்பது. வட்டி 42 விழுக்காட்டிலிருந்து 9 அல்லது 10 விழுக்காட்டுக்கு இறங்குவதால் கேட்கும்போதே மனம் இறங்கிவிடும். ஆனால் நடப்பது என்னவென்றால், வீட்டைத் தொட முடியாத ஒரு கடன், வீட்டை ஏலம் விடக்கூடிய கடனாக மாறுகிறது. வருமானம் நிலையாக இருந்து, கார்டையும் அன்றே மூடிவிடுகிறவருக்கு இது நல்ல வழி. வேலை போய்விட்டதாலோ பட்டறை மூடியதாலோ கார்டு பாக்கி ஏறியவருக்கு இது ஆபத்தான வழி; ஆறு மாதத்தில் கார்டும் மீண்டும் நிரம்பி, டாப்-அப் கடனும் தலைமேல் நிற்கும். கார்டை மூடச் சொல்லி விண்ணப்பித்தால், பாக்கி இல்லாத நிலையில், 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது.

டாப்-அப் ஆனாலும் புதுக் கடன் ஆனாலும், 2024 அக்டோபர் 1க்குப் பிறகு தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில், வங்கி கொடுத்து விளக்கிக் கையெழுத்துப் பெற வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. வங்கிக்கு அது பொருந்தாது. ஆனால் இந்த அறிக்கையைத் தமிழில் கேட்கும் உரிமை கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு ரிசர்வ் வங்கியின் விதியாலேயே உண்டு. கார்டு பாக்கிக்கு இந்த அறிக்கை கிடையாது.

அறிவிப்பு வந்தபின்

வாராக்கடன் ஆன வீட்டுக்கடனில் நடவடிக்கை செல்லும் வழி இது:

1. சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அறிவிப்பு. இதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். பலர் இந்த அறிவிப்பை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தவணையை மாற்றி அமைக்கப் பேசுவதற்கு இந்த 60 நாளைவிட நல்ல காலம் பிறகு வராது.

2. 60 நாள் முடிந்ததும் 13(4) பிரிவில் வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை. முதலில் கதவில் நோட்டீஸ் ஒட்டுவதோடு நிற்கும்; ஆள்களை வெளியேற்ற 14ஆம் பிரிவில் தலைமை நீதித்துறை நடுவரின் அல்லது மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வேண்டும்.

3. கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவு மனு.

4. விற்பனைக்கு முன் 30 நாள் அறிவிப்பு. முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான்; ஏல நாள் வரை அல்ல.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவருக்கு இதில் இரண்டு சிக்கலும் ஒரு வசதியும் இருக்கின்றன. கடன் வாங்கும்போது கொடுத்த கோவை வாடகை வீட்டு முகவரிக்கே அறிவிப்பு போய்க்கொண்டிருக்கலாம். முகவரி மாறினால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பற்றியதற்கான அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும் என்பது விதி. பாலக்காட்டு வீட்டுக்கு அந்த வட்டார மொழி மலையாளமாக இருக்கும்போது, தமிழ் நாளிதழ் மட்டும் வாங்கும் வீட்டுக்கு அது கண்ணில் படாது. வசதி என்னவென்றால், தீர்ப்பாய மனுவை வீடு இருக்கும் இடத்திலும் போடலாம், கடன் கணக்கு இருக்கும் கிளையின் இடத்திலும் போடலாம். கோவைக் கிளையில் வாங்கிய கடன் என்றால் எர்ணாகுளம் வரை போகத் தேவையில்லை. கோவையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது.

இன்னொரு குழப்பம் ‘நிலம்’ என்ற சொல்லில். விவசாய நிலத்தின் மேல் உள்ள ஈட்டைச் சர்ஃபேசி வழியாக நிறைவேற்ற முடியாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. தமிழில் எல்லா மண்ணும் நிலந்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல், வீடும் தோப்பும் உள்ள மேட்டுப் பகுதி ‘புரையிடம்’. ஆதாரத்தில் புரையிடம் என்று இருக்கும் வீட்டு மனைக்கு, பின்னால் நான்கு தென்னை நிற்கிறது என்பதால் இந்த விலக்கு கிடைத்துவிடாது. பதிவோடு உண்மையான பயன்பாட்டையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

ஊர்க் கூட்டுறவுச் சொசைட்டியில் வாங்கிய கடன் வேறு பாதையில் போகும். அங்கே கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1969இன் 69ஆம் பிரிவில் நடுவர் தீர்ப்பு, பிறகு ஜப்தி.

கார்டு வசூலும் ‘செட்டில்மென்ட்’டும்

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது; உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யவோ, மிரட்டவோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மீண்டும் வலியுறுத்தியது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதிலில் நிறைவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு இணையவழிப் புகார். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் என்பதால், கார்டு எந்த மாநிலத்து முகவரியில் வாங்கியது என்பது ஒரு தடையல்ல.

பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொள்ளும் சமரசம், மூன்று நான்கு மாதம் தவறிய பிறகு வங்கியே முன்வைக்கும். தொகையும் கெடுவும் எழுதிய கடிதம் வங்கியின் பெயரில் வந்த பிறகே, கார்டு கணக்குக்கே பணம் செலுத்த வேண்டும். முகவர் கையில் ரொக்கம் கொடுக்கக் கூடாது. இப்படி முடித்த கணக்கு சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், ‘குளோஸ்டு’ என்று அல்ல. அடுத்த வீட்டுக்கடனுக்கோ வேறு வங்கிக்கு மாறுவதற்கோ விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவைத் திருத்தக் கேட்டு 30 நாளில் தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஆதாரம் திரும்பும் நாள்

கடனை முழுதும் அடைத்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவு செய்த அடமானத்தை நீக்கித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. கடன் கணக்கு இருந்த கிளையிலோ, பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, விருப்பப்பட்ட இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பத்திரம் கைக்கு வந்த பிறகு கேரளப் பதிவுத்துறையில் ‘பாத்யதா சான்று’ ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்கிறோமே, அதுதான். அதில் பழைய அடமானம் இன்னும் தெரிந்தால், நீக்கித் தரும்படி அதே வங்கிக்கு எழுத வேண்டும்.